இடைவெளி இல்லாத இருபத்தாறு நாள்

அத்தியாயம் 11

மோதிரம் போட்டுப் பத்து நாள்கூட முழுசாக ஆகவில்லை. அதற்குள் சுஹைலாவின் பேர் தொழிற்சாலையில் நாறத் தொடங்கிவிட்டது.

போன வாரம்தான் ரொக்கியா எத்தனை ஆசையோடு சுஹைலா விரலில் அந்த மோதிரத்தைப் போட்டாள்! "ராயா பெருநாள் கழிஞ்ச ரெண்டாவது சனிக்கிழமை நிக்காஹ்" என்று சுங்கை ஆரா அடுக்குமாடியில் வீடு வீடாக ஏறி இறங்கிச் சொன்னாள். மகன் ரிட்சுவானுக்குப் பெண் அமைந்த மகிழ்ச்சி ஒரு பக்கம். அந்தப் பெண் தன் மூத்த மகள் ஹஸ்னிதாவின் லைனிலேயே வேலை பார்க்கிறவள் என்ற நிம்மதி இன்னொரு பக்கம்.

"நம்ம நித்தா கண்ணு முன்னாலயே இருக்குற புள்ள. அப்புறம் என்ன விசாரிக்கக் கிடக்கு?"

அந்த நித்தாவின் கண்ணு முன்னால்தான் இன்று காலையில் எல்லாம் கிளம்பியது.

எட்டு மணி சைரனுக்கு இன்னும் ஐந்து நிமிஷம். நீல மேலங்கியின் பட்டனைப் போட்டுக்கொண்டே மூன்றாவது லைனுக்குள் நுழைந்தாள் ஹஸ்னிதா. அறிவிப்புப் பலகை முன்னால் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். ஒருத்தி விரலை வைத்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசரைக் கண்டதும் மளமளவென்று கலைந்தார்கள்.

கலையாமல் நின்றது ஒருத்திதான். சல்பியா. ரொக்கியாவின் கடைசித் தங்கை, ஹஸ்னிதாவுக்குச் சொந்தச் சின்னம்மா. மலாய் முறைப்படி அம்மா 'மாக்', அக்கா 'காக்', கடைசிச் சின்னம்மா 'மாக் சூ'. இருபத்தெட்டு வருஷமாக இதே தொழிற்சாலையில் இருக்கிறாள். எட்டு மாதத்துக்கு முன்னால் அக்காள் மகள் தனக்கே மேலாளாக வந்து நின்றது அவளுக்கு இன்னும் தொண்டையில் இறங்கவில்லை.

"என்ன மாக் சூ, காலங்காத்தால கணக்குப் பாடம்?"

"உன் தம்பி கட்டிக்கப்போறவ நோன்ப எண்ணிட்டிருக்கோம். இருபத்தாறு நாள், இருபத்தாறு டிக். நடுவுல ஒரு கட்டம்கூட காலி இல்ல. என்ன பக்தி, என்ன பக்தி!"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அந்தத் தாள் ஹஸ்னிதா ஒட்டியது. நோன்பு மாதத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் வேலை பார்ப்பவர்கள் முக்கால் மணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போகலாம் என்று மேலே மல்லுக்கட்டி வாங்கித் தந்தது அவள்தான். அன்றன்றைக்கு யார் யார் நோன்பு என்று தெரிய வேண்டுமே? பேர்களை வரிசையாக எழுதி, தேதிக்கு ஒரு கட்டம் போட்டு, காலையில் வந்ததும் அவரவர் டிக் போடச் சொன்னாள். ஓய்வு நாள் கட்டத்தை மறுநாள் வந்து நிரப்பிக்கொள்வார்கள். சூப்பர்வைசராகி அவள் செய்த முதல் நல்ல காரியம். எல்லாரும் புகழ்ந்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மாதவிலக்கு நாளில் நோன்பு கிடையாது. 'அல்லா குடுத்த லீவு' என்று இந்தப் பெண்கள் அதற்கு ஒரு பேரே வைத்திருக்கிறார்கள். அந்த ஐந்தாறு நாளும் கட்டம் காலியாகக் கிடக்கும். சல்பியா மாதிரி ஐம்பதைத் தாண்டியவளுக்கு முழு டிக் விழுந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இருபத்துநாலு வயசுப் பெண்ணுக்கு, அதுவும் கல்யாணம் ஆகாதவளுக்கு விழுந்தால்?

இத்தனை நாளாகத் தினம் இதன் முன்னால் நடந்தோமே, ஒரு தடவையாவது இப்படி யோசித்தோமா என்று ஹஸ்னிதாவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. தாளைப் பிடித்து இழுத்தாள். பாதி கையோடு வந்தது, பாதி பலகையிலேயே ஒட்டிக்கொண்டது.

"தாளக் கிழிச்சா? என் கண்ண என்ன பண்ணுவ?" என்றாள் சல்பியா.

"சில பேருக்கு நாள் முன்னப்பின்ன வரும், மாக் சூ. அதுகூடவா உங்களுக்குத் தெரியாது?"

"தெரியும்மா, தெரியும். மூணு பெத்தவ நான். எனக்கா தெரியாது?"

லைனின் கடைசியில், எக்ஸ்ரே மெஷின் முன்னால் சுஹைலா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். சர்க்யூட் பலகைகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி, ஈயப்பற்று சரியாகப் பிடித்திருக்கிறதா என்று திரையில் பார்ப்பது அவள் வேலை. ஒரு தடவைகூட அவள் திரும்பவில்லை. அத்தனையும் காதில் விழுந்திருக்கிறது என்று அதிலேயே தெரிந்தது.

பத்து மணிக்கு மிஸ்டர் தியோ கூப்பிட்டு அனுப்பினார். உற்பத்திப் பிரிவு முழுக்க அவர் பொறுப்பு. நோன்பு மாதம் முடியும்வரை காப்பிக் குவளையை மேஜை டிராயருக்குள் ஒளித்து வைத்துக் குடிக்கும் நல்ல மனுஷன்.

"கதவ சாத்து, நித்தா. எக்ஸ்ரேல இருக்குற பொண்ணு மாசமா இருக்காளாமே?"

"யாரு சொன்னா?"

"மூணு பேரு வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க லா. மாசமா இருக்குறவங்க எக்ஸ்ரே பக்கமே வரக் கூடாதுன்னு கம்பெனி ரூல் இருக்கு. மத்தியானத்துக்குள்ள அவள வேற இடத்துக்கு மாத்திடு."

"அவ வாயால சொல்லவே இல்லயே, மிஸ்டர் தியோ. நாம பாட்டுக்கு மாத்துனா ஆபீஸே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அப்புறம் அந்தப் பொண்ணு தலை நிமிர்ந்து நடக்க முடியுமா?"

"மாத்தாம ஏதாவது ஆச்சுன்னா என் தலைதான உருளும்? நீயே போய்க் கேளு. உனக்குச் சொந்தமாகப் போற பொண்ணு, உன்கிட்ட சொல்லாமயா இருப்பா?"

சொந்தம்! அதுதானே இங்கே தலைவலி. வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அவள் இதற்குள் பாதி வேலையை முடித்திருப்பாள்.

பயிற்சி அறையில் அந்த நேரத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். சுஹைலாவை அங்கே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். எப்படி ஆரம்பிப்பது என்று வரும் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். பதவி உயர்வு கொடுத்தபோது இரண்டு நாள் வகுப்பில் சொல்லித்தந்ததுதான்: பொறுமையாகக் கேள், முடிவு கட்டிக்கொண்டு கேட்காதே. வாயைத் திறந்ததும் அத்தனையும் பறந்துபோயிற்று.

"வான்தானா?" என்று தம்பியின் செல்லப் பேரைச் சொல்லிக் கேட்டுவிட்டாள்.

சுஹைலாவின் முகம் வெளுத்தது.

"இப்பக் கேக்குறது யாரு, காக் நித்தா? என் சூப்பர்வைசரா, இல்ல அவரோட அக்காவா?"

கன்னத்தில் அறைந்தது போலிருந்தது ஹஸ்னிதாவுக்கு. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சூப்பர்வைசர். மன்னிச்சுக்க, நான் ஆரம்பிச்சதே தப்பு. மறுபடி கேக்குறேன். நீ அந்த மெஷின் முன்னால இருக்குறதுல உன் உடம்புக்கு ஏதாவது ஆபத்து உண்டா? அத மட்டும் சொன்னா போதும். வேற எதையும் நீ என்கிட்ட சொல்லியாகணும்னு இல்ல."

சுஹைலா மேலங்கிப் பையில் கையை விட்டு, நாலாக மடித்த ஆஸ்பத்திரி அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"சூப்பர்வைசர்னா சொல்றேன். கர்ப்பப்பைக்குப் பக்கத்துல ரெண்டு கட்டி. மூணு மாசமா ஊசி போடுறாங்க. அந்த ஊசி போட்டா வராது, காக். வராம இருக்கத்தான் அந்த ஊசியே. ரெண்டு தடவ அரை நாள் லீவு கேட்டேனே, அது இதுக்குத்தான். வர்ற வியாழக்கிழமை ஸ்கேன் இருக்கு. ஆபரேஷன் எப்பன்னு அன்னிக்குச் சொல்லுவாங்க. அதுக்கப்புறம் புள்ள..."

முடிக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"வானுக்குத் தெரியுமா?"

"பாத்தீங்களா, மறுபடி அவரோட அக்கா வந்துட்டாங்க" என்றாள் சுஹைலா, அழுகைக்கு நடுவே ஒரு சிரிப்போடு. "ஸ்கேன் பாத்துட்டு நானே அவர்கிட்ட சொல்லுவேன். வேணாம்னாருன்னா மோதிரத்தக் கழட்டிக் குடுத்துடுறேன். ஆனா அது என் வாயால அவருக்குத் தெரியணும். அடுத்தவங்க வாயால தெரியக் கூடாது. அத மட்டும் எனக்கு விடுங்க, காக்."

ஹஸ்னிதாவுக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. "இவ்வளவு இருக்குன்னா, ரெண்டு நாள் டிக் போடாம கேன்டீன்ல போய் உக்காந்திருக்கலாமேடி. இந்தப் பேச்சே கிளம்பியிருக்காது."

"வராத லீவ எப்படி காக் எடுக்குறது? ஊரு வாய மூட நான் நோன்ப விடணுமா?"

ஹஸ்னிதாவுக்கு வெட்கமாகிவிட்டது.

"தியோகிட்ட என்ன சொல்லட்டும்?"

"மாசமா இல்லன்னு சொல்லுங்க. ஏன் எதுக்குன்னு கேட்டா சொல்லாதீங்க. யாரு கேட்டாலும்."

"யாரு கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

"உங்க மாக் கேட்டா?"

பெற்ற தாயிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லாதவள் ஹஸ்னிதா.

"மாக் கேட்டாலும்."

தியோ இரண்டு தடவை தலையைச் சொறிந்துகொண்டார். "மாசமா இல்லன்னா அப்புறம் என்னதான் விஷயம்?" என்றார். "அது அவளோடது, மிஸ்டர் தியோ. மெஷின மாத்தத் தேவையில்லன்னு நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றாள் ஹஸ்னிதா. அவர் அதற்கு மேல் தோண்டவில்லை. அந்த மட்டும் மரியாதை தெரிந்தவர்.

அத்தோடு விட்டிருக்கலாம். விட்டாளா?

சாப்பாட்டு மணி அடித்ததும் லைனை நிறுத்தி எல்லாரையும் கூப்பிட்டாள்.

"அந்தத் தாள ஒட்டினது என் தப்பு. இனிமே முன்னால போறவங்க என்கிட்ட தனியா வந்து சொன்னா போதும். இன்னொண்ணு, ஒருத்தி உடம்பப் பத்தி இன்னொருத்தி வேலை நேரத்துல பேசினது காதுல விழுந்துச்சுன்னா, எழுத்துல எச்சரிக்கை வரும். சொந்தக்காரங்கன்னு பாக்க மாட்டேன். மாக் சூ, உங்களையும் சேத்துத்தான் சொல்றேன்."

முப்பது ஜோடிக் கண்ணும் சல்பியா மேல் திரும்பின. அவள் முகம் ஜிவ்வென்று சிவந்தது. தூக்கி வளர்த்த பிள்ளை, நாலு பேர் முன்னால் பேரைச் சொல்லிவிட்டது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும் என்று ஹஸ்னிதாவுக்கு அப்போதே உறைத்தது. சொன்னதைத் திரும்ப விழுங்க முடியுமா?

சல்பியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கைப்பேசியை எடுத்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போனாள். போய் இருபது நிமிஷம் திரும்பவில்லை. அவள் யாருக்குப் பேசுவாள் என்று ஹஸ்னிதாவுக்குத் தெரியாதா என்ன? அதற்குப் பிறகு ஓடிய பலகைகளில் எது நல்லது எது கெட்டது என்றே அவளுக்குப் புரியவில்லை. ஒரே எண்ணிக்கையை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அடித்தாள்.

மாலை ஏழேகாலுக்கு அம்மா வீட்டுக் கதவைத் தட்டினாள். ராயாவுக்கு விற்பதற்காக ரொக்கியா சுட்ட அன்னாசிப் பழ டார்ட் வாசம் வராந்தா வரைக்கும் அடித்தது. உள்ளே மேஜையில் பேரீச்சம்பழம், கஞ்சி, ரோஜா சர்பத் எல்லாம் வரிசையாக இருந்தன. சல்பியா முன்னமே வந்து உட்கார்ந்திருந்தாள். ஏசி பழுது பார்க்கும் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்த ரிட்சுவான், சமையலறை வாசலில் சாய்ந்து நின்றான். கையில் கரி.

"உக்காரு. பாங்கு சொல்றதுக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணும்" என்றாள் ரொக்கியா.

"மாக், அவ மாசமா இல்ல. சத்தியமா இல்ல."

"அப்ப இருபத்தாறு நாள் எப்படி?"

"அது வேலை எடத்து விஷயம், மாக். நான் சொல்ல முடியாது."

"வேலை எடமா? இந்த வீட்டுக்கு வரப்போற மருமக வயிறு உனக்கு வேலை எடத்து விஷயமா?"

"எனக்கே எச்சரிக்கை குடுக்குறவ, காக். உனக்கா சொல்லப் போறா?" என்று சல்பியா எண்ணெய் வார்த்தாள். "ஆஸ்பத்திரில பொம்பளைங்க கிளினிக் வாசல்ல அவ நின்னத ரெண்டாவது மாடி மஸ்னா பாத்திருக்கா. தலைவலிக்கா அங்க போவாங்க?"

முழு நோன்பும் பிடிக்க ஆசைப்பட்டு மாத்திரை போட்டிருக்கிறாள் என்று ஒரு பொய் சொன்னால் என்ன? அந்த வார்த்தை ஹஸ்னிதாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நோன்பு வாயோடு, பெற்றவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

ரொக்கியா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். குரல் இறங்கியது. கோபத்தைவிட இது பொல்லாததாக இருந்தது.

"நித்தா, நான் கெட்டவ இல்லடி. அந்தப் பொண்ணு எனக்கும் பிடிச்ச பொண்ணுதான். ஆனா நான் ஒண்ணும் சின்னப் புள்ள இல்ல. ஒண்ணு வயித்துல புள்ள இருக்கணும். இல்ல, புள்ள தங்காத வயிறா இருக்கணும். ரெண்டுல எது? தம்பிக்காகச் சொல்லு. சொல்லலன்னா, நாளைக்கே பாலிங்ல இருக்குற அவ வீட்டுக்கு ஆள் அனுப்பி மோதிரத்தத் திருப்பி வாங்கிடுவேன்."

ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் ஒரு களங்கம் போகும். போன கையோடு இன்னொன்று வந்து உட்காரும். சொல்லாவிட்டால் நாளைக்கு மோதிரம் போகும். ஹஸ்னிதா தம்பியைப் பார்த்தாள். அவனும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவள் கண்ணைக் கீழே போட்டுக்கொண்டாள்.

"என்னால சொல்ல முடியாது, மாக். நான் வாக்குக் குடுத்துட்டேன்."

"அப்ப சரி. மோதிரம் திரும்பி வரட்டும்."

"வராது, மாக்."

சொன்னது ரிட்சுவான். வாசலை விட்டு நகர்ந்து விளக்கு வெளிச்சத்துக்கு வந்தான்.

"ஏன்டா வராது?"

"புள்ள என்னோடது."

சல்பியா வாயைப் பொத்திக்கொண்டாள். ரொக்கியா மகனை ஏறிட்டுப் பார்த்தாள். அடிக்கக் கை ஓங்கினாள். அந்த நேரம் பார்த்துத் தொலைக்காட்சியில் பாங்கு ஒலித்தது. ஓங்கிய கை அப்படியே இறங்கியது.

"எல்லாரும் தண்ணி குடிங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது. "முதல்ல நோன்பத் திறங்க. அப்புறம் இருக்கு உனக்கு."

ஹஸ்னிதா ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். பொய்! பிள்ளையே இல்லாத இடத்தில் இவன் எந்தப் பிள்ளைக்கு அப்பன் ஆகிறான்? சுஹைலாவின் விரல் நுனியைக்கூடத் தொடாதவன் இவன். அப்படியென்றால்... அவளுக்குச் சட்டென்று விளங்கியது. வேறு எவனோ கெடுத்துவிட்டான் என்று நம்பிவிட்டான். நம்பியும் அவளைக் கைவிட மனசில்லாமல் பழியைத் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டான். தம்பியை நினைத்து அவளுக்குக் கண் கலங்கியது. அதே வேகத்தில் நாலு அறை விட வேண்டும் போலவும் இருந்தது.

"டேய் வான், என்ன பேசுறேன்னு தெரிஞ்சுதான் பேசுறியா? நான்தான் இல்லன்னு சொன்னேன்ல?"

"போதும், காக்." அவன் கிட்டே வந்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னான். "அவ பேரக் காப்பாத்தத்தான் இல்லன்னு சொல்றன்னு தெரியும். உன்னப் பாத்தேன், நீ கண்ணக் கீழ போட்ட. எனக்கு அதுவே போதும். மிச்சத்த நான் பாத்துக்குறேன்."

கைப்பேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டான். பின்னாலேயே எழுந்த ஹஸ்னிதாவை ரொக்கியா தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"சத்தியமா இல்லன்னு சொன்னியே, என் மூஞ்சியப் பாத்து! தம்பியும் அவளுமா சேந்து பண்ணினத மறைக்க நீயும் கூட்டா?"

"மாக், அப்படி இல்ல மாக்..."

"பேசாத. வியாழக்கிழமை காலையில ரெண்டு பேரையும் இமாம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். ராயா வரைக்கும் காத்திருக்குற கதையெல்லாம் இனி ஆகாது. அன்னிக்கு அவளுக்கு லீவு போட்டுரு. நீதான அவளுக்கு சூப்பர்வைசர்?"

வியாழக்கிழமை. ஸ்கேன் நாள்.

ஹஸ்னிதாவின் மடியில் கைப்பேசி அதிர்ந்தது. சுஹைலாவிடமிருந்து செய்தி வந்திருந்தது.

'வான் இப்பதான் போன் பண்ணினாரு. எல்லாம் தெரிஞ்சுபோச்சு, பயப்படாத, எது இருந்தாலும் உன்ன விட மாட்டேன்னு சொல்லிட்டு அழுதாரு. நான் பேசுறதுக்குள்ள வெச்சுட்டாரு. நீங்க சொல்லிட்டீங்க.'

'நான் சொல்லல' என்று ஹஸ்னிதா அடித்தாள். அப்படியென்றால் அவனுக்கு என்ன தெரியும் என்று கேட்பாளே? உன் வயிற்றில் இன்னொருவன் பிள்ளை இருப்பதாக நினைத்துக்கொண்டு அழுதான் என்று எந்த வாயால் சொல்வது? அடித்ததை அழித்தாள். மறுபடி அடித்தாள். அதற்குள் அடுத்த செய்தி வந்து விழுந்தது.

'மாக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்னு சொன்னீங்களே, காக். நாளைக்கு இன்னொரு பொண்ணு இந்த மாதிரி ஒரு அட்டைய எடுத்துட்டு உங்ககிட்ட வரலாமான்னு கேட்டா, நான் அவளுக்கு என்ன சொல்லட்டும்?'